வெயிலுக்குப் பட்டா

சான் பிரான்சிஸ்கோவில் மிஷன் தெரு 2918ஆம் எண்ணில் ஒரு சலவைக்கடை இருந்தது. காசு போட்டால் துணி துவைத்துத் தரும் மெஷின்கள், பக்கத்தில் கார் நிறுத்தக் கொஞ்சம் இடம், அவ்வளவுதான். அங்கே போர் எதுவும் நடந்ததில்லை, ஒப்பந்தம் எதுவும் கையெழுத்தானதில்லை. அதை இடித்துவிட்டு எட்டு மாடியில் 75 வீடுகள் கட்டலாம் என்று 2014 வாக்கில் அதன் உரிமையாளருக்கு ஒரு யோசனை வந்தது. மனை அவருடையது. ரயில் நிலையம் கூப்பிடு தூரம். நகரத்தில் வீட்டுக்கோ பஞ்சம். நம்மூர் ஆளாக இருந்தால் வாஸ்து பார்த்துவிட்டு மறுநாளே கடப்பாரையைத் தூக்கியிருப்பார்.

மனு நகர்ந்து நகர்ந்து 2018க்கு வந்தபோது நகரத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்தச் சலவைக்கடை ஒரு வரலாற்றுச் சின்னமாக இருந்துவிட்டால் என்ன செய்வது? 1970களில் இதே கட்டடத்தில் சமூக அமைப்புகள் இயங்கியிருக்கின்றன அல்லவா? உடனே ஆய்வுக்கு உத்தரவானது. அறிஞர்கள் தோண்டித் துருவினார்கள். 137 பக்க அறிக்கை வந்தது. முடிவு: சலவைக்கடை என்பது சலவைக்கடைதான்.

சரி, இனி கட்டலாமா என்றால், அடுத்த பூதம் கிளம்பியது. எட்டு மாடி எழும்பினால் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மைதானத்தில் நிழல் விழும். 2018 ஜூனில் நகர மேற்பார்வையாளர் சபை, அதாவது அவர்களுடைய மாநகராட்சி மன்றம், இந்த நிழலைச் சரியாக ஆராயவில்லை என்று சொல்லி, ஏற்கெனவே கொடுத்திருந்த அனுமதியை ஒருமனதாக நிறுத்தி வைத்தது. உரிமையாளர் 1.7 கோடி டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். அதற்குப் பிறகு அந்த வருடக் கடைசியில்தான் சபைக்கு மனம் இளகியது.

நிழல் தருவது புண்ணியம் என்று சாலையோரம் புளியமரம் வைத்த ஊரில் பிறந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்காது. சான் பிரான்சிஸ்கோவில் நிழல் ஒரு குற்றம். 40 அடிக்கு மேல் எழும்பும் எந்தக் கட்டடமும் நகரப் பூங்காக்கள் மேல் நிழல் போடுமா என்று சோதித்த பிறகே அனுமதி தர வேண்டும் என்று 1984இல் வாக்கெடுப்பு நடத்தியே சட்டம் போட்டார்கள். பூங்காவில் தொடங்கிய பழக்கம் பள்ளி மைதானம்வரை வந்துவிட்டது. வெயிலுக்குப் பட்டா உண்டு. அந்தப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

சலவைக்கடைமீது அந்தச் சபைக்கு இருக்கும் பாசம் புதிதல்ல. 1880இல் அதே சபை ஒரு சட்டம் போட்டது. மரக்கட்டடத்தில் சலவைக்கடை நடத்த வேண்டுமானால் சபையின் சம்மதம் வேண்டும். தீ விபத்துப் பயமாம். ஊரில் அப்போது சுமார் 320 சலவைக்கடைகள். அவற்றில் ஏறத்தாழ 240 சீனர்களுடையவை. கிட்டத்தட்ட எல்லாமே மரக்கட்டடம், ஏனென்றால் ஊரே மரக்கட்டடம். சீனர்கள் 200 பேர் சம்மதம் கேட்டு மனுப் போட்டார்கள். 200 மனுவும் தள்ளுபடி. சீனர் அல்லாத சுமார் 80 பேர் கேட்டார்கள். ஒரே ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. மரம் ஒன்றுதான், தீயும் ஒன்றுதான், தோல்தான் வேறு. யிக் வோ என்ற கடையை 22 வருடம் அதே இடத்தில் நடத்தியவரை, தீயணைப்புத் துறைச் சான்றிதழ் கையில் இருந்தும், பத்து டாலர் அபராதம் போட்டு, கட்டாததால் சிறையில் தள்ளினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. எழுத்தில் பாரபட்சம் இல்லாத சட்டமானாலும் அமல்படுத்துகிற கையில் பாரபட்சம் இருந்தால் அது செல்லாது என்று 1886இல் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் அந்த வழக்கைப் பாடமாகப் படிக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோ மட்டும் அந்த வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டது போலிருக்கிறது.

அதற்கும் முன்னால், 1870இல், ஆளுக்கு 500 கன அடி காற்று இல்லாத அறையில் யாரும் தூங்கக்கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. சுகாதாரம்! சீனர் குடியிருப்புகளில் ராத்திரி புகுந்து, நெருக்கியடித்துத் தூங்கிய கூலித் தொழிலாளிகளை எழுப்பி, கைது செய்து, சிறையில் அடைத்தார்கள். சிறையில் அடைத்த அடைப்பில் அங்கே ஆளுக்கு 500 கன அடி காற்று இல்லை. சட்டத்தை மீறியவர்களைச் சட்டத்தை மீறிய கட்டடத்தில் வைத்துத் திருத்தினார்கள்.

இந்தப் பழங்கதையெல்லாம் எதற்கு என்றால், அனுமதி என்பதன் உள்ளடக்கம் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றே. சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தால் அனுமதி கொடுத்தே தீர வேண்டும் என்பது ஒரு முறை. எல்லாம் சரியாக இருந்தாலும் எங்களுக்கு மனம் இருந்தால்தான் கொடுப்போம் என்பது இன்னொரு முறை. சான் பிரான்சிஸ்கோ பல பத்தாண்டுகளாக இரண்டாவது முறையைக் கட்டிக்கொண்டு அழுதது. பின்கட்டில் ஓர் அறை சேர்ப்பதானாலும் அது நகரத்தின் விருப்புரிமை. விருப்புரிமை என்று வந்துவிட்டால், 1970இல் ரொனால்ட் ரீகன் ஆளுநராக இருந்தபோது கையெழுத்துப் போட்ட கலிஃபோர்னியா சுற்றுச்சூழல் தரச் சட்டம் தானாக உள்ளே நுழையும். காட்டையும் கடலையும் காப்பாற்றப் பிறந்த சட்டம், கடைசியில் கார் நிறுத்துமிடத்தைக் காப்பாற்றும் வேலைக்கு வந்து சேர்ந்தது.

சில வருடங்களுக்கு முன் நீங்கள் அங்கே வீடு கட்டப் போனதாக வைத்துக்கொள்வோம். வரைபடம் கொடுக்கிறீர்கள். 150 அடி சுற்றுவட்டத்துக்குள் இருக்கிற எல்லோருக்கும் தபாலில் அறிவிப்புப் போகிறது. 30 நாள் அவகாசம். உங்கள் வீடு விதிகளுக்கு முழுக்க உட்பட்டது, ஓர் அங்குலம் கூட மிகவில்லை. பரவாயில்லை. எதிர் வீட்டுக்காரருக்கு உங்கள் ஜன்னல் அவர் படுக்கையறையைப் பார்ப்பதுபோல் தோன்றலாம். மேல் வீட்டுக்காரருக்கு வளைகுடாவின் ஒரு துண்டு நீலம் குறையலாம். இன்னொருவருக்கு உங்கள் முகப்பின் வண்ணம் தெருவின் ‘குணத்துக்கு’ ஒத்துவராமல் போகலாம். ஒரு கட்டணம் கட்டினால் போதும், திட்ட ஆணையம் உங்கள் ஜன்னலைப் பற்றி விசாரணை நடத்தும். ஆணையம் அனுமதித்தாலும் மேல்முறையீட்டு வாரியம் உண்டு. அதற்குப் பிறகு சபை உண்டு. அதற்குப் பிறகு நீதிமன்றம் உண்டு. இந்த நேரமெல்லாம் உங்கள் கடனுக்கு வட்டி உண்டு. ஆட்சேபித்தவருக்கு மட்டும் எதுவும் இல்லை; அவர் தன் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருக்கிறார்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு அரசாங்கக் கணக்கு: கலிஃபோர்னியா மாநில வீட்டு வசதித் துறை 2023 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. ஒரு குடியிருப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைக்க 523 நாள். ஒப்புதல் கிடைத்த பிறகு கட்டட அனுமதிகள் கிடைக்க இன்னும் 605 நாள். மூன்று வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது, இன்னும் ஒரு செங்கல் வைக்கவில்லை. மாநிலத்திலேயே இதுதான் மிக மெதுவான நகரம் என்று அந்தத் துறையே சொன்னது. இதே நகரம், 1906 பூகம்பமும் தீயும் ஊரையே விழுங்கிய பிறகு, சில மாதங்களுக்குள் அகதிகளுக்காக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மரக்குடில்களைக் கட்டியது. மாதம் இரண்டு டாலர் வாடகை. அந்தக் குடில்களில் தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு இன்று பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். புதிதாக ஒன்று கட்டத்தான் வழியில்லை.

வீட்டை விடுங்கள். நோ வேலி என்ற வசதியான பகுதியில் ஒரு பொதுக் கழிப்பறை, 150 சதுர அடியில் ஒரே ஒரு அறை. அதற்கு 17 லட்சம் டாலர் ஆகும் என்று 2022இல் நகரம் மதிப்புப் போட்டது. பணம் வந்த சந்தோஷத்தில் விழா எடுக்க நாள் குறித்திருந்தார்கள். தொகை வெளியே தெரிந்து ஊர் சிரித்ததும் விழா ரத்தானது. ஏன் இவ்வளவு என்று கேட்டால், கழிப்பறையின் அழகைக் கலை ஆணையம் பரிசீலிக்க வேண்டும், சுற்றுச்சூழல் பரிசீலனை வேண்டும், பூங்கா ஆணையம் பார்க்க வேண்டும், மக்கள் கருத்துக் கேட்க வேண்டும். அவசரத்துக்குப் போகிறவன் கலை ஆணையத்தின் தீர்மானம்வரை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். கடைசியில் ஒரு தனியார் நிறுவனம் ஆயத்தக் கழிப்பறை ஒன்றை இலவசமாகவே கொடுத்து, 2024 ஏப்ரலில்தான் கதவு திறந்தது.

வரிசை இவ்வளவு நீளம் என்றால், வரிசையைத் தாண்ட வைப்பதற்கு ஆள் இருப்பான் என்பது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம்மூரில் புரோக்கர். அங்கே அவருக்குக் கௌரவமான பெயர் உண்டு: ‘பெர்மிட் எக்ஸ்பெடைட்டர்’. முறைப்படி பதிவு செய்துகொள்ளும் தொழில் அது. ரோட்ரிகோ சாண்டோஸ் என்ற பொறியாளர் ஒரு காலத்தில் நகரக் கட்டட ஆய்வு ஆணையத்தின் தலைவராகவே இருந்தவர். கட்டட ஆய்வுத் துறையின் சுருக்கப் பெயர் டிபிஐ. வாடிக்கையாளர்கள் துறைக்குக் கட்டணமாக ‘டிபிஐ’ என்று எழுதிக் கொடுத்த காசோலைகளில் முன்னும் பின்னும் நாலு எழுத்துச் சேர்த்து ‘ரோடிபிகோ சாண்டோஸ்’ ஆக்கித் தன் கணக்கில் போட்டுக்கொண்டார். வங்கியும் வாங்கிப் போட்டது. மூத்த கட்டட ஆய்வாளர் பெர்னார்ட் கரன் கை காட்டிய ரக்பி சங்கத்துக்கு இவருடைய வாடிக்கையாளர்கள் நன்கொடை எழுதுவார்கள். அவர்களுடைய கட்டடங்களுக்கு ஆய்வாளரின் பார்வை கனிவாக விழும். 2023இல் கரனுக்கு ஒரு வருடமும், சாண்டோஸுக்கு இரண்டரை வருடமும் சிறை. நகரப் பொதுப்பணித் துறையின் தலைவராக இருந்த முகமது நூரு அதற்கு முந்தைய வருடமே ஏழு வருடத் தண்டனை வாங்கியிருந்தார். கதவைப் பூட்டிச் சாவியை ஒருவன் இடுப்பில் செருகினால், அந்த இடுப்பைச் சுற்றித்தான் சந்தை கூடும். இதைச் சொல்லப் பொருளாதார நோபல் எதுவும் வேண்டாம். எந்தப் பத்திரப்பதிவு அலுவலக வாசலிலும் டீக்கடைக்காரர் சொல்வார்.

ஆனால் லஞ்சம் சின்ன வியாதி. லஞ்சம் வாங்காத நல்லவர்கள் செய்ததுதான் பெரிது.

2021 அக்டோபரில் ஸ்டீவன்சன் தெரு 469ஆம் எண்ணில் 27 மாடி, 495 வீடுகள் என்று ஒரு திட்டம் சபைக்கு வந்தது. அந்த மனையில் அப்போது இருந்தது நார்ட்ஸ்ட்ராம் என்ற பெரிய துணிக்கடை தன் வாடிக்கையாளர்களின் காரை நிறுத்தப் பயன்படுத்திய வெட்டவெளி. இடிக்க வீடில்லை, வெளியேற்ற ஆளில்லை. சுற்றுச்சூழல் அறிக்கை போதாது என்று 8க்கு 3 வாக்கில் சபை அதைத் திருப்பி அனுப்பியது. ஏழைகள் விரட்டப்படுவார்கள், பூகம்பம் வந்தால் என்ன ஆவது என்றெல்லாம் முற்போக்கான காரணங்கள் வந்தன. சுற்றியுள்ள தெருக்களில் ஏழைகள் ஏற்கெனவே நடைபாதையில் படுத்திருந்தார்கள். அவர்களை அதற்கு மேல் எங்கே விரட்டுவது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டே வருடத்தில் அந்தத் துணிக்கடையே மூடப்பட்டது. 2024 ஜனவரிக் கணக்கெடுப்பில் நகரத்தில் வீடற்றவர்கள் 8,323 பேர். உலகத்தின் பணக்கார நகரங்களில் ஒன்று இது. ஆஸ்பத்திரி நர்ஸும் பஸ் டிரைவரும் இரண்டு மணி நேரம் தள்ளி ஸ்டாக்டனிலும் ட்ரேசியிலும் இருந்து விடியுமுன் கிளம்பி வருகிறார்கள். இந்த நகரத்துக்கு மருந்து கொடுக்கலாம், வண்டி ஓட்டலாம், தரை துடைக்கலாம். ராத்திரி தங்க மட்டும் கூடாது. 1870இல் கன அடி கணக்குப் பார்த்தவர்களாவது கைது செய்கிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள்.

புறநகரில் வேடிக்கை இன்னும் உச்சம். ஒரு மனையில் ஒரே வீடு என்ற கட்டுப்பாட்டைத் தளர்த்தி, இரண்டு வீடு கட்டலாம், மனையைப் பிரிக்கலாம் என்று மாநிலச் சட்டம் 2022 ஜனவரியில் அமலுக்கு வந்தது. சிலிக்கான் வேலிச் செல்வந்தர்கள் வாழும் உட்ஸைட் என்ற ஊர் உடனே ஒரு கண்டுபிடிப்பை அறிவித்தது: எங்கள் ஊர் முழுவதுமே மலைச்சிங்கத்தின் வாழிடம், ஆகவே இந்தச் சட்டம் இங்கே செல்லாது. அதுவரை சிங்கத்தைப் பற்றி யோசிக்காமல் நீச்சல் குளத்தோடு பங்களாக்கள் கட்டியவர்களுக்கு, அந்த அறிவிப்புக்குப் பிறகும் பங்களா கட்டத் தடையில்லை. சிங்கத்துக்குப் பங்களா ஒத்துக்கொள்ளும், இரட்டை வீடு மட்டும்தான் ஒவ்வாமை. மாநில அட்டர்னி ஜெனரல் ராப் போண்டா கடிதம் எழுதியதும் சிங்கம் வாலைச் சுருட்டிக்கொண்டது.

பக்கத்து ஊர் ஆதர்டனில் மார்க் ஆண்ட்ரீசன் என்ற பெரும் முதலீட்டாளருக்கு வீடு. 2020 ஏப்ரலில், அமெரிக்கா எதையும் கட்ட மறந்துவிட்டது, வீடுகள் கட்டுங்கள், நகரங்களைக் கட்டுங்கள் என்று முழங்கி ஒரு கட்டுரை எழுதினார். உலகமே பகிர்ந்தது. 2022இல் ஆதர்டனில் அடுக்கு வீடுகளுக்குச் சிறிது இடம் ஒதுக்கப் பேச்சு எழுந்ததும், கணவனும் மனைவியுமாக ஊர் மன்றத்துக்குக் கடும் ஆட்சேபம் எழுதினார்கள்: வீட்டு மதிப்பு விழும், சத்தம் கூடும், போக்குவரத்து நெரிசல் வரும். கட்டுங்கள் என்றால் அடுத்த தெருவில் கட்டுங்கள் என்று அர்த்தம்.

பெர்க்லியில் மூன்று வீடுகள் கட்டும் மனுவை நகரமன்றம் விவாதித்தபோது, தோட்டத்தில் விளைந்த சுக்கினிக்காயைக் கையில் தூக்கிக் காட்டி, கட்டடம் வந்தால் இதற்கு வெயில் கிடைக்காது என்று ஓர் அம்மையார் வாதாடினார். மன்றம் செவிமடுத்தது. காய்க்கும் பட்டா உண்டு. அதே ஊரில் பல்கலைக்கழகம் 1,100 மாணவர்களுக்கு விடுதி கட்டப் போனால், மாணவர்கள் போடக்கூடிய கூச்சலைச் சுற்றுச்சூழல் பாதிப்பாக ஆராயவில்லை என்று 2023 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்தியது. மனிதக் குரல் மாசு அல்ல என்று சொல்வதற்காகவே மாநிலம் தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. அண்டை வீட்டாரில் சிலருடைய பிள்ளைகளே அதே பல்கலைக்கழகத்தில் படித்து அதே கூச்சலைப் போட்டிருக்கலாம்.

இவர்கள் கெட்டவர்களா என்றால், பலருடைய வாசலில் அகதிகளையும் எல்லா நிறத்தவரையும் வரவேற்கும் பலகை நட்டிருக்கும். பலகைக்கு அனுமதி வேண்டியதில்லை. கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. 1978இல் கலிஃபோர்னியர்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 13ஆவது முன்மொழிவுப்படி, வீடு கைமாறாதவரை சொத்துவரிக்கான மதிப்பு வருடத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறாது. சந்தையில் வீட்டின் விலை பத்து மடங்கு ஏறினாலும் வரி நொண்டிக்கொண்டு பின்னால் வரும். பக்கத்தில் புது வீடு வராதவரை உன் வீட்டின் விலை ஏறும். ஏறுவதால் உனக்குச் செலவும் இல்லை. இந்தக் கணக்குப் புரிந்தவனுக்குச் சலவைக்கடை வரலாறாகத் தெரியும், நிழல் நஞ்சாகத் தெரியும், சிங்கம் கனவில் வரும்.

கேவின் நியூசம் சான் பிரான்சிஸ்கோ மேயராக வந்த புதிதில், 2004இல், ஒரே மாதத்தில் கிட்டத்தட்ட 4,000 தன்பாலினத் தம்பதிகளுக்கு நகர்மன்றத்தில் திருமண உரிமம் கொடுத்தார். மாநிலச் சட்டம் குறுக்கே நின்றும் கொடுத்தார். அதே நியூசம் ஆளுநராகி, நகர்ப்புறக் குடியிருப்புகளுக்குச் சுற்றுச்சூழல் சட்டத்தில் இருந்து விலக்குத் தரும் மசோதாவில் கையெழுத்துப் போட்டது 2025 ஜூன் 30. கல்யாணம் பண்ணிப் பார்க்க ஒரு மாதம் போதும். வீட்டைக் கட்டிப் பார்க்க 21 வருடம். விலக்கு வந்துவிட்டது, நல்லது. மாநிலம் 2031க்குள் சான் பிரான்சிஸ்கோவுக்கு விதித்திருக்கும் இலக்கு 82,069 வீடுகள். சட்டத்தை மாற்றியாயிற்று. 150 அடிக்குள் இருக்கிற மனங்களுக்கு எந்த ஆளுநரும் கையெழுத்துப் போட முடியாது.

அந்த 150 அடிக்குள் இன்று நம்மவர்களும் இருக்கிறார்கள். ஃப்ரீமாண்ட், சன்னிவேல், குபர்டினோ என்று சுற்றுவட்டார ஊர்களில் ஒவ்வொரு தெருவிலும் தமிழ்ப் பெயர் தாங்கிய தபால்பெட்டிகள். விசாவுக்கு வரிசையில் நின்றவர்கள், கிரீன் கார்டுக்கு வருடக்கணக்கில் காத்தவர்கள், வாடகைக்கு வீடு கேட்டு முகம் சுளிப்பைப் பார்த்தவர்கள். இப்போது அவர்களில் சிலர், பள்ளிக்கூடத்தின் தரம் கெடும் என்றும், தெருவில் கார் அதிகமாகும் என்றும் அடுக்கு வீடுகளுக்கு எதிரான மனுவில் கையெழுத்துப் போடுகிறார்கள். நல்ல ஆங்கிலத்தில், பிழையில்லாமல்.

அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பக்கத்து மனையில் யாரோ வீடு கட்டப் போவதாக உங்களுக்கு ஓர் அறிவிப்பு வரும். குறித்த நாளுக்குள் ஆட்சேபிக்கலாம் என்று அதில் போட்டிருக்கும். கிழித்துக் குப்பையில் போடுங்கள்.